கோட்டும் கெடுபிடியும்

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் ஒரு பரிதாபக் காட்சியைக் காணலாம். மாலை வரவேற்பு மேடையில் மணமகன் நிற்கிறார். கழுத்தை இறுக்கும் டை, அதன்மேல் ரோஜா மாலை. உடம்பிலே பாலியெஸ்டர் கோட்டு. அதற்குள் வழவழக்கும் லைனிங், தோளிலே பஞ்சு அடைப்பு. பித்தான்கள் ஒன்று விடாமல் பூட்டப்பட்டிருக்கின்றன. வியர்வையைத் துடைக்கத் தோழர் ஒருவர் கைக்குட்டையோடு பக்கத்திலேயே நிற்கிறார். கோட்டின் கைநுனியில் கடைக்காரர் ஒட்டுத் தையலாகத் தைத்தனுப்பிய கம்பெனிச் சீட்டு இன்னும் பிரிக்கப்படாமல் மின்னுகிறது! மணமகனை நாம் நிந்திக்கவில்லை. கோட்டு சூட்டு என்றால் விறைப்பு, விறைப்பு என்றால் மதிப்பு என்று அவருக்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பாடந்தான் தப்பு.

கோட்டு சூட்டின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் வேடிக்கையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கனவான்களுக்குச் சம்பிரதாய உடை, முழங்கால் வரை தொங்கும் பிராக் கோட்டேயாகும். இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் குட்டைக் கோட்டும் அதே துணியில் கால்சட்டையுமாகிய ஜோடி, நாட்டுப்புறத்திலும் கடற்கரையிலும் பொழுதுபோக்கும்போது தரிக்க ஏற்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'லவுஞ்சு சூட்'. சாய்ந்து சோம்பியிருப்பதைத்தான் 'லவுஞ்சு' என்ற சொல் குறிக்கிறது. நாமோ அதை அதிகாரத்தின் மேனியிலே கண்டோம். ஆகவே அதிகாரத்தின் உடையென்றே கொண்டோம். எஜமானன் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளத் தைத்த துணிக்குள் நாம் கைகட்டி நிற்கக் கற்றோம்.

இங்கிலாந்திலேயே இந்த உடை பின்னர் விறைத்துப் போயிற்று என்பதும் மெய்யே. அதைத் தளர்த்த முயன்றவர்களில் ஒருவர், 1936-ல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டு மன்னர். அவருடைய அரசியலைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் தந்தையார் ஐந்தாம் ஜார்ஜின் கஞ்சிபோட்ட காலரை வெறுத்து, மெல்லிய காலரும் நெகிழ்ந்த கோட்டுமாக அவர் நடமாடியதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1960-ல் உடைகளைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதி வெளியிட்டார்.

நமக்கு அதைவிட உபயோகமான பாடம் இத்தாலியின் தென்பகுதியில் இருக்கிறது. நேப்பிள்ஸ் நகரம் வெயிலும் கடற்காற்றும் உள்ள ஊர். 1930-களில் ஜென்னாரோ ருபினாச்சி என்பவர் அங்கே ஒரு தையல் கடை திறந்து, அதற்கு 'லண்டன் ஹவுஸ்' என்று பெயரிட்டார். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தக் கடையிலே துணி வெட்டிய வின்செஞ்சோ அட்டோலினி செய்த காரியம் லண்டன் கோட்டின் குடலை உருவியதுதான்! தோள் பஞ்சைப் பிடுங்கினார். லைனிங்கைக் குறைத்தார். மார்பைக் கேடயம்போல் நிறுத்தும் கனத்த உள்துணியை நீக்கினார். கையைச் சட்டைக்கை போலச் சிறு சுருக்கங்களோடு தோளில் பொருத்தினார். கோட்டு சட்டையைப் போல் லேசாயிற்று. இங்கிலாந்தின் மீது மோகங்கொண்ட ஊர்தான் அது. ஆயினும் மோகம் அவர்களுடைய புத்தியை மழுக்கவில்லை. தங்கள் வெயிலுக்கு எது ஒவ்வாதோ அதை ஈவிரக்கமின்றி வெட்டி எறிந்தார்கள். நேப்பிள்ஸை விடப் பன்மடங்கு காயும் சென்னையில், நாம் ஒரு நூலையேனும் பிரித்தோமா?

இனி, கோட்டை இயல்பாக அணிவது எப்படி என்று கேட்கும் வாலிபர்களுக்குச் சில வார்த்தை. முதலில் தோள் பொருந்த வேண்டும். மற்றதையெல்லாம் தையற்காரர் திருத்திவிடலாம். தோளைத் திருத்துவது பெரும்பாடு. துணி பருத்தியோ லினனோ, நெருக்கமில்லாமல் நெய்த மெல்லிய கம்பளியோ இருக்கட்டும். லினன் கசங்குமே என்று அஞ்ச வேண்டாம், கசங்குவதே அதற்கு அழகு. முதுகில் பாதி லைனிங் போதும். இரண்டு பித்தான் கோட்டில் மேல் பித்தானை மட்டும் பூட்டுவதே முறை. உட்காரும்போது அதையும் கழற்றிவிட வேண்டும். டை வேண்டாமென்றால் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் சட்டைக் காலர் கோட்டுக்கடியில் நசுங்கிக் கிடக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். பருத்திக் கோட்டை வேறு நிறக் கால்சட்டையோடும் போடலாம். பளபளக்கும் கம்பளி ஜோடியைப் பிரித்தால் பாதி உடை காணாமற்போனது போலிருக்கும். கைநுனிச் சீட்டையும், பின்பிளவைப் பெருக்கல் குறிபோல் பிணைத்திருக்கும் நூலையும் வாங்கிய அன்றே வெட்டி எறிக.

இதற்கெல்லாம் மேலாக, அணிந்தபின் அதை மறந்துவிட வேண்டும். 1528-ல் வெளியான தமது நூலில் காஸ்டிக்லியோனே என்னும் இத்தாலியர், பிரயாசையை வெளிக்காட்டாத இந்த லாகவத்திற்கு 'ஸ்ப்ரெத்சதூரா' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார். லாகவம் வேறு, அசிரத்தை வேறு. அழுக்குக் காலரும் தேய்ந்த செருப்புமாக வந்து நின்று இதுவே நாகரிகம் என்பாருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது பலமான ஆட்சேபம். தளர்ந்து உடுத்தும் சுதந்திரம் யாருக்கு இருக்கிறது? கோடீசுவரர் திறந்த கழுத்தோடு வந்தால் எளிமை என்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை அப்படி வந்தால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். நல்ல துணி உடுத்தவும் தடை விதிக்கப்பட்டிருந்த ஜனங்களுக்கு, டாக்டர் அம்பேத்கர் அணிந்த கோட்டு சூட்டு வெறும் துணியன்று, உரிமைப் பத்திரம். அவருடைய சிலைகளில் அந்த நீலக் கோட்டு இன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு அர்த்தமுண்டு. அந்த நிமிர்வைக் கேலி செய்ய எவருக்கும் யோக்கியதை கிடையாது. 1931-ல் அரையாடையோடு ஆங்கிலேய மன்னரின் அரண்மனைக்குள் நுழைந்த காந்தியடிகளும், முழுச் சூட்டில் நின்ற அம்பேத்கரும் உடையைத் தாமே தேர்ந்தவர்கள். பஸ் நிறுத்தத்தில் டையோடு வேகும் விற்பனைப் பிரதிநிதியோ அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகையால் தளர்த்துவது மேலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். ஜப்பானில் 2005-ம் வருஷக் கோடையில், குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைத்து, கோட்டும் டையுமின்றி வேலைக்கு வரும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. பிரதம மந்திரி கொய்சுமியே டையில்லாமல் ஜனங்கள் முன் தோன்றினார். அதன் பிறகே குமாஸ்தாக்களுக்குத் தைரியம் வந்தது. நம் நாட்டிலும், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாக மற்றக் கோர்ட்டுகளில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. விதி இருந்தும் மூத்த வக்கீல் கோட்டோடு உட்கார்ந்திருக்கையில் ஜூனியர் எப்படிக் கழற்றுவான்? வேட்டி கட்டிய ஹைகோர்ட் நீதிபதியையே ஒரு கிளப்பின் வாசலில் தடுத்த சம்பவத்திற்குப் பிறகு, 2014-ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் இயற்றி வேட்டிக்கு அந்த வாசலைத் திறந்தது. டையில்லாத கழுத்துக்கு ஆபீஸ் வாசலைத் திறக்கச் சட்டம் தேவையில்லை. மானேஜர் தம் டையைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டால் போதும். வருகிற சித்திரைக்குள் எத்தனை மானேஜர்கள் அதைச் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.