நட்டுக்குள் மறையும் குறை

சென்ற மாதம் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து சிறிய லொறி ஒன்று பதுளையிலுள்ள என் கடைக்கு வந்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது என்றார் சாரதி. ஒரு வாரத்துக்கு முன்புதான் வேறோர் இடத்தில் புதுப் பைப் போட்டிருக்கிறார்கள். நட்டைக் கழற்றினால், பைப்பின் வாய் ஒற்றைச் சுவராக விரிக்கப்பட்டு, ஓரம் மயிரிழையாக வெடித்திருந்தது. பசறை வளைவுகளைத் தாண்டி அந்த லொறி வந்து சேர்ந்தது அல்லாஹ்வின் கிருபைதான்.

பிரேக் பைப்பின் வாயை விரிப்பதை ஃபிளேர் என்கிறோம். கார், வேன்களில் பெரும்பாலும் வரும் 3/16 அங்குலப் பைப்பின் சுவர் மெல்லியது. ஒரே தடவையில் விரித்தால் இன்னும் மெலிந்துவிடும். ஆகவே முதலில் வாயை உள்நோக்கி மடித்து, பிறகு கூம்பால் அழுத்தி, 45 பாகையில் இரட்டைச் சுவராக்குகிறார்கள். இதுதான் டபல் ஃபிளேர். சடுதியாக பிரேக் பிடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் வரும் இடம் அது.

வேலை பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும். வாளால் அறுக்காமல் பைப் கட்டரால் நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுக்க வேண்டும். நட்டை முன்பே கோர்த்துக்கொள்ள வேண்டும். (இதை மறந்து, அழகாக அடித்த வாயை வெட்டி எறிந்த நாட்கள் எனக்கும் உண்டு.) பிடிகட்டைக்கு மேல் பைப் நீட்டும் அளவு, அச்சின் தோள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடினால் வாய் கோணும், குறைந்தால் மடிப்புப் போதாது. ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றுக்கு வரும் பபிள் ஃபிளேர் வேறு வடிவம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒயில் கசியும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குள் நம் வீதிகளில் ஓடுபவை கிழடாகி, பைப்புகள் துருவேறிவிட்டன. வியாபாரம் கூடியது உண்மை. கூடவே, ஃபிரிட்ஜுக்கு வரும் கொப்பர் பைப்பை பிரேக்குக்கு வெட்டிக் கொடுப்பதையும் காண்கிறேன். வெறும் கொப்பர் அதிர்வில் களைத்து வெடிக்கும். கொப்பர்-நிக்கல் கலவைப் பைப் வேறு, இது வேறு.

"கேட்பவர் மலிவாகத்தானே கேட்கிறார்" என்கிறார்கள் சில சகோதரர்கள். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவத்தை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அது அரிசிக் கடைக்காரருக்கு மட்டும் சொன்னதா? நட்டை இறுக்கியபின் ஃபிளேரை எந்த வாடிக்கையாளரும் காண முடியாது. தேய்ந்த அச்சை எறிந்துவிட்டு நல்ல கருவி வாங்குங்கள், அதற்கேற்ற கூலியையும் கேளுங்கள். கூலி கூடியதால் ஆள் போனால் போகட்டும்.

மடுல்சீமைச் சாரதியும் கூலி அதிகமென்றுதான் முணுமுணுத்தார். வெடித்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். முன்பு போட்ட பாஸிடம் காட்டப்போவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.