மரம் யாருக்காக வளர்கிறது?

“பயிரோடு மரமும் நடுங்கள், பயிர் கைவிடும் ஆண்டில் மரம் காப்பாற்றும்” என்று தோட்டத் தொழிலாளருக்கு அறிவுரை கூறுவோர் பெருகிவிட்டனர். அறிவுரையில் பிழையில்லை. கேகாலை, இரத்தினபுரிக் கிராமங்களில் எந்தக் குடியானவனின் வளவுக்குள் நுழைந்தாலும் அதன் உண்மையைக் கண்ணாரக் காணலாம். மேலே பலாவும் கமுகும் மகோகனியும்; நடுவே கிளிரிசீடியாவைப் பற்றி ஏறும் மிளகு; கீழே தேயிலை. கொழுந்து மாதச் செலவுக்கு, மிளகு ஆண்டுச் செலவுக்கு, மகோகனி மகளின் கலியாணத்துக்கு. விலை விழுந்த ஆண்டில் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அது நின்று பருத்துக்கொண்டிருக்கும். ஏழைக்கு இதனினும் சிறந்த சேமிப்பு வாய்ப்பது அரிது.

ஆனால் இக்கணக்கில் எழுதப்படாத முதல் ஒன்றுண்டு. அது காலம். மகோகனி வெட்டுக்கு வர ஒரு தலைமுறை செல்லும். அத்தனை காலமும் நிலம் தன்னுடையது என்ற உறுதி உள்ளவனே மரம் நடுவான். லயத்துக் காம்பிராவில் வாழ்பவனுக்கு அவ்வுறுதி எங்கே? 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின, தொழிலாளியின் கைக்கு மாறவில்லை. 1992இல் அவை கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 53 ஆண்டுக் குத்தகை! 2045 வரை மரம் வளர்க்கக் கம்பெனிக்கு எழுத்தில் உரிமையுண்டு. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவன் லயத்தோரத்தில் போட்ட காய்கறிப் பாத்தியோ தோட்டத்தின் தயவில் நிற்கிறது.

இறப்பரைப் பாருங்கள். ஆறேழு ஆண்டில் பால்வெட்டுக்கு வந்து, முப்பது ஆண்டளவில் ஓய்ந்து சாய்க்கப்படுகிறது. முன்னர் பெரும்பாலும் அடுப்புக்கே போன அம்மரம் இன்று மருந்தூட்டப்பட்டுத் தளபாடமாகிறது. விடியுமுன் எழுந்து அதில் பால் வெட்டிய கைக்கு மரவிலையில் என்ன பங்கு?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2012 முதல் நடைமுறையிலுள்ள கணக்கியல் நியமப்படி, வெட்டப்படாது நிற்கும் மரத்தின் மதிப்பு உயர்வும் அவ்வாண்டின் இலாப நட்டக் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. கிரவேலியா ஓரங்குலம் பருத்தால் கம்பெனியின் ஏட்டில் வரவு! இது வெறும் காகித இலாபமே, கையில் காசில்லை என்பர். இருக்கட்டும். வளரும் மரத்துக்கு ஆண்டுதோறும் மதிப்புப் போடத் தெரிந்தவர்கள், அதை நட்டுக் களையெடுத்தவனின் கூலிப் பேச்சு வந்ததும் சந்தை விலையை மட்டும் சுட்டிக்காட்டுவதேன்? 1000 ரூபா நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியே அது கிடைத்தபோது, அதனையும் எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின.

நிலத்தைக் கொடுத்தால் தொழிலாளிக்கு நிருவகிக்கத் தெரியாதாம்! நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்காற்பங்கை விளைவிப்போர் சிறுதோட்டக்காரரே. அவர்களில் பெருந்தொகையினர் இதே இரத்தினபுரியிலும் காலி, மாத்தறையிலும் வாழ்வோர். அவர்கள் எந்தத் துரையிடம் நிருவாகம் பயின்றார்கள்? தோட்டத்து வேலி வரை உள்ள அறிவு வேலிக்கு அப்பால் திடீரென முளைப்பதில்லை. முளைப்பது காணி உறுதி ஒன்றே.

2015இல் ஏழு பேர்ச்சஸ் தருவதாகக் கூறினர். பின்னர் அது பத்தாக உயர்ந்தது. வரவேற்கிறோம். எனினும் ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். பத்துப் பேர்ச்சஸில் வீடும் கழிவறையும் கட்டியபின் மகோகனி எங்கே நிற்கும்? தோட்டங்களில் கைவிடப்பட்டுப் புதர்மண்டிக் கிடக்கும் நிலத்தைக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பிரித்து, பெண்ணின் பெயரும் சேர்ந்த உறுதியோடு கொடுக்கட்டும். அதன்பின் வந்து, கன்றுக்குக் கன்று எத்தனை அடி இடைவெளி என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம்.