"உறுதியா தெரியல" என்று ஒரு டாக்டர் சொன்னால்

எமர்ஜென்சி டியூட்டி பார்க்கும் டாக்டரிடம், எந்தக் கேஸ் வந்தால் உள்ளுக்குள் உதறும்னு கேட்டுப் பாருங்க. விபத்துன்னு சொல்ல மாட்டாங்க. நெஞ்சுவலின்னா கையில் ஈசிஜி இருக்கு, அஞ்சு நிமிஷத்தில் பாதி விஷயம் பேப்பரில் வந்துடும். "திடீர்னு பேச்சு குழறுது", "காலையிலிருந்து தலை சுத்துது", "ஆளு ஒரு மாதிரி இருக்காரு"... இதுதான் எங்களை உதற வைக்கும்.

கொஞ்சம் நீளமான பதிவு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் இருப்பவங்க பொறுமையா படிங்க.

ஒரு பக்கம் கை கால் விழுந்து ஒருத்தர் வர்றார். பக்கவாதமா இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் சிலருக்கு இதே மாதிரி ஆகும். குளுக்கோஸ் ஏத்தினதும் எழுந்து உட்காருவார். யாரும் பார்க்காத நேரத்தில் வலிப்பு வந்து போயிருந்தாலும், அதுக்கப்புறம் சில மணி நேரம் கை துவண்டு கிடக்கலாம். "வாதத்துக்குக் கூட்டிட்டு வந்தா விரல்ல குத்தி சுகர் பார்க்குறாங்க" என்று எங்களைத் திட்டுவதற்கு முன்னாடி இதை நினைச்சுக்குங்க.

சரி, பக்கவாதம்தான். அடைப்பா, ரத்தக்கசிவா? வெளியிலிருந்து பார்த்து எவ்வளவு பெரிய டாக்டராலும் உறுதியா சொல்ல முடியாது. சிடி ஸ்கேன்தான் சொல்லும். அடைப்புன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கு. அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள் போடணும். கசிவா இருந்து அதே ஊசியைப் போட்டால் உயிரே போயிடலாம். ஸ்கேனுக்கு முன்னாடி வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீங்கன்னு நாங்க கத்துறது இதனாலதான்.

தலைசுத்தல் இன்னும் சிக்கல். பெரும்பாலும் காது சம்பந்தப்பட்டதுதான். ஆனா சிலருக்கு அது சிறுமூளையில் அடைப்பு, அதுவும் முதல் நாள் சிடி நார்மலா வந்துடும். கண் அசைவை வைத்துப் பிரித்துப் பார்க்கும் எளிய பரிசோதனைகள் இருக்கு. பழகின நரம்பியல் நிபுணர் கையில் அவை முதல் நாள் எம்ஆர்ஐயையே மிஞ்சும்னு 2009-லேயே ஆய்வு வந்தாச்சு. எப்போதாவது செய்யும் எங்க கையில் அவ்வளவு நம்ப முடியாது. எம்பிபிஎஸ்ஸில் நரம்பியல் வார்டில் நாங்க நின்னது சொற்ப நாள்.

நம்ம ஊருக்கு இன்னொண்ணு சொல்லியே ஆகணும். கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலி இருக்காது, பல் தடமும் தெரியாது. மல்லிகை பறிக்கப் போக விடியுமுன் எழுந்தவர் "வயிறு வலிக்குது"ன்னு வருவார். அப்புறம் இமை சொருகும், பேச்சு போகும், மூச்சு திணறும். பாம்பு ஞாபகம் வரலைன்னா இதை மூளைத்தண்டு ஸ்ட்ரோக்னே நினைக்கத் தோணும். கண்பாப்பா விரிஞ்சு அசையாம கிடப்பவர் உள்ளே முழு நினைவோடு இருக்கலாம். வெண்டிலேட்டரில் தாங்கிப் பிடித்தால் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். "மூளை போயிடுச்சு"ன்னு அன்னைக்கு யாராவது உறுதியா சொல்லியிருந்தால்?

இப்போ என் கருத்து. "உறுதியா தெரியல, ஸ்கேன் வேணும், உடனே அனுப்புறேன்" என்று சொல்லும் டாக்டருக்கு நம்ம பக்கம் விஷயம் தெரியாதவர்னு பேர். "ஒண்ணுமில்ல, பிபிதான், டிரிப்ஸ் போட்டா சரியாகிடும்" என்பவர் கைராசிக்காரர். எனக்குப் பயம் கைராசிக்காரரிடம்தான். அடைப்பில் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் செத்துப்போகும் என்பது கணக்கு. ஒரு டிரிப்ஸ் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதுக்காக எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டுக் கை கழுவுறதையும் நான் நியாயப்படுத்தல. மதுரை இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தலைசுத்துறவங்க எல்லாரையும் அனுப்பினா ராஜாஜி ஆஸ்பத்திரி தாங்காது. சந்தேகம் வந்த நிமிஷமே கேட்க ஒரு ஆள் வேணும். ஹிமாச்சலப் பிரதேசத்தில் 2014-லேயே செஞ்சு காட்டினாங்க. நரம்பியல் டாக்டர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து ஸ்கேன் படம் போனில் போகும், மெடிக்கல் காலேஜ் நிபுணர் பார்த்துச் சொல்வார், அங்கேயே இருக்கும் பொது மருத்துவர் ஊசி போடுவார். அந்த மலை ரோட்டில் முடிஞ்சது நம்ம சமவெளியில் முடியாதா? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுக்கும் ஒரு நம்பர் வேணும். தெரிஞ்ச சீனியரை "சார், தூங்கிட்டீங்களா"ன்னு எழுப்புறது நட்பு. அதை சிஸ்டம்னு சொல்லக் கூடாது.

அதுவரைக்கும் எங்க சந்தேகத்தைக் குறைக்க உங்களால் முடியும். 108 கூப்பிடுங்க. சாப்பிடும் மாத்திரை எல்லாத்தையும் பையோடு அள்ளிட்டு வாங்க, ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடும் மாத்திரை முக்கியம். நல்லா இருந்ததைக் கடைசியா பார்த்தவர் யாரோ, அவர் கூட வரணும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தா, எழுந்த நேரத்தைச் சொல்லாதீங்க. ராத்திரி எத்தனை மணி வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தார், அதைச் சொல்லுங்க. ஆம்புலன்ஸில் நாலு பேர் ஏற வேண்டாம், இந்த ஒருத்தர் ஏறினா போதும்.