மழைக்கு மீட்டர் கிடையாது

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலை நான் நடத்தும் பொருளாதார வகுப்புக்கு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும் படிவம் நான்கு மாணவர்கள் மூவர் உண்டு. போன வாரம் அவர்களில் ஒருவன் தாமதமாக, நனைந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சார், ஸ்டேஷன்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிட்டேன். வீட்ல நேத்து ராத்திரியிலேர்ந்து குழாய்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. குளிக்காமத்தான் வந்தேன். இது என்ன சார் நியாயம்?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அன்றைய பாடம் கிடைத்துவிட்டது.

பாடப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே பற்றாக்குறை வந்துவிடுகிறது. தேவைகளுக்கு அளவில்லை, வளங்களுக்கு அளவு உண்டு என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற கிள்ளான் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். 2019இல் அங்கே ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றால் புரிகிறது. நமக்கு என்ன குறை?

பிரிக்பீல்ட்ஸில் பெய்யும் மழை கால்வாயில் இறங்கி, கிள்ளான் ஆற்றில் கலந்து, கிள்ளான் நகரைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடுகிறது. வழியெல்லாம் நகரத்தின் அழுக்கைச் சுமந்து போகும் அந்த ஆற்றிலிருந்து, அதன் கரையிலேயே இருக்கிற கிள்ளான்காரர்கள் ஒரு குவளை அள்ளிக் குடிக்க முடியாது. நம் குழாய்களுக்கு வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் வடக்கே சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. மலைப்பக்கத்து நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பெய்தால்தான் அணை நிறையும்.

2014இல் இதை நேரிலேயே பார்த்தோம். பிப்ரவரி இறுதியில் தொடங்கிய பங்கீடு ஏப்ரல் இறுதி வரை நீண்டது. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. நகரில் மழை பெய்த நாள்களிலும் அணையின் மட்டம் ஏறவில்லை. அதற்கு முன் 1998இல், எல் நினோ வறட்சியின்போது, ஏறத்தாழ 18 லட்சம் பேர் மாதக்கணக்கில் வாளியோடு வாழ்ந்தார்கள். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலருக்கு அது பள்ளிப் பருவத்து நினைவு.

இந்த இரண்டுக்கும் வானத்தைக் குறை சொல்லலாம். 2020 செப்டம்பருக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ கழிவைக் கொட்டினார்கள். துர்நாற்றம் வந்ததும் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூடவேண்டி வந்தது. 1,292 பகுதிகளில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. கழிவை முறையாக அகற்றியிருந்தால் அந்தத் தொழிற்சாலைக்குச் செலவாகியிருக்கும். அந்தச் செலவைத் தன் கணக்கிலிருந்து எடுத்து ஊரின் தலையில் கட்டிவிட்டார்கள். 'எக்ஸ்டெர்னாலிட்டி' என்று சொல்லித் தருவது இதைத்தான். பிறகு சிலாங்கூரில் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தினார்கள். மாசுபடுத்துவது மலிவாக இருக்கும்வரை மாசுபடுத்துவார்கள் என்பது தாமதமாகப் புரிந்தது.

2021 டிசம்பரில் இன்னொரு வேடிக்கை. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை வெள்ளம். அதே நாள்களில் சில சுத்திகரிப்பு ஆலைகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்து குழாய்கள் வறண்டன. ஆக, குறைவாக இருப்பது தண்ணீர் என்று சொல்வதே சரியில்லை. சுத்தமான தண்ணீர், வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் இருப்பதுதான் குறைவு. அதற்கு அணை, ஆலை, குழாய், மின்சாரம், ஆள் எல்லாம் வேண்டும். மழைக்கு மீட்டர் கிடையாது, குழாய்க்கு உண்டு.

அந்த மீட்டர் காட்டும் விலையைப் பார்ப்போம். 2006 முதல் 2024 வரை முதல் 20 கன மீட்டருக்கு, கன மீட்டர் ஒன்று 57 காசு. 2024 பிப்ரவரியில் அது 65 காசானது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். கடையில் ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதே காசுக்குக் குழாயில் 3,000 லிட்டர் வாங்கலாம், ஐந்து காசு மிச்சமும் இருக்கும். உயிருக்கு அவசியமான தண்ணீர் மலிவாகவும் ஒன்றுக்கும் உதவாத வைரம் விலையாகவும் இருப்பதேன் என்று ஆடம் ஸ்மித் 1776இல் கேட்டுவைத்த கேள்வி இது.

"அப்ப தண்ணி மலிவுதானே சார்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

வரும்போது மலிவு. வராதபோது என்ன விலை என்று கணக்குப் போடச் சொன்னேன். நான்கு பேர் கொண்ட வீடு. ஆளுக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு நாளைக்கு 200 லிட்டர். கீழே தண்ணீர் லோரி நிற்கிறது. இருபது லிட்டர் வாளியில் பத்து நடை. வரிசையில் நின்று, நான்கு மாடி ஏறி இறங்க, நடைக்குப் பத்து நிமிடம். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். 2025இல் வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அப்படியானால் அந்த ஒரு மாலை நேரத்தின் மதிப்பு சுமார் 14 வெள்ளி 50 காசு.

65 காசு கணக்கில் 20,000 லிட்டருக்கு மாதக் கட்டணம் 13 வெள்ளி.

வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு மாதத் தண்ணீரின் விலையை ஓர் அம்மா ஒரே நாளில் படிக்கட்டில் செலுத்திவிடுகிறார். எந்த பில்லிலும் அது வராது. 'கோஸ் லெபாஸ்' என்று தேர்வுத்தாளில் எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. தரைவீட்டில் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு இரண்டு நாள் தடை தெரியவே தெரியாது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் தண்ணீர் லோரிக்குத் தனியாகக் காசு கொடுப்பார், அல்லது கடையைச் சாத்துவார். வேலைக்கு அமர்த்திய பையனுக்கு அன்றைய சம்பளம் போகும்.

சிலாங்கூர் அரசு 2008இல் மாதம் 20 கன மீட்டர் இலவசம் என்றது. நல்ல மனதோடு செய்த காரியம்தான். ஆனால் பங்களாவுக்கும் அதே இலவசம், தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பத்துக்கும் அதே இலவசம். ஒரே நிறுவனம், ஒரே கட்டணம், இருந்தும் கிள்ளான் வீட்டுக்குக் கிடைத்தது கூட்டரசுப் பிரதேசமான பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. 2020இல் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும், விண்ணப்பித்தால்தான் என்று மாறியது. பலர் முணுமுணுத்தார்கள். என் பார்வையில் அந்த மாற்றம் சரி. விண்ணப்பிக்கத் தெரியாமல் விட்டவர்களுக்கு உதவ நம் சங்கங்கள் இன்னும் கொஞ்சம் அலைந்திருக்கலாம்.

பகாங்கின் செமந்தான் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரத் தித்திவங்சா மலைக்கு அடியில் 44.6 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியிருக்கிறோம். அதே நேரத்தில் நாடு முழுவதும் சுத்திகரித்த தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பழைய குழாய்க் கசிவிலும் திருட்டிலும் பில்லுக்கு வராமலே போகிறது. மலையைக் குடைந்தால் திறப்பு விழா வைக்கலாம். ரோட்டுக்கடியில் குழாய் மாற்றினால் போக்குவரத்து நெரிசலுக்குத் திட்டுத்தான் கிடைக்கும்.

வகுப்பு முடியும்போது, அடுத்த வாரம் ஆளுக்கொரு தண்ணீர் பில் கொண்டுவரச் சொன்னேன். மாதம் எத்தனை கன மீட்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட வேண்டும். சிங்கப்பூரில் அது சுமார் 140 லிட்டர், நம் நாட்டில் 200க்கும் மேல்.

முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டுக்கு பில்லே வராது சார். மொத்த ஃபிளாட்டுக்கும் ஒரே மீட்டர். பராமரிப்புக் காசோட சேர்த்து எல்லார்கிட்டயும் ஒரே அளவுதான் வாங்குறாங்க. நாங்க மிச்சப்படுத்தினா யாருக்கு லாபம்?"

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கிள்ளான் பிள்ளைகள் ரயிலைப் பிடிக்கவேண்டும். அவள் கேள்வியை வெள்ளைப் பலகையில் எழுதி, அழிக்காமல் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.