கொக்கி ஆடட்டும்

தச்சுவேலையில் பிரியம் வைத்தவர்கள் ரம்பம் வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறார்கள். உளி வாங்கப் போனால் இரும்பைத் தட்டி அதன் நாதத்தைக் கேட்கிறார்கள். இழைப்புளி வாங்கப் போனாலோ, அதன் அடிப்பாகம் நேராயிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சோதிக்கிறார்கள். ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்ற உத்தரவை எதனிடமிருந்து பெறுகின்றனவோ, அந்த டேப்பை மட்டும், கணக்குத் தீர்த்துப் பணத்தை எண்ணும் தருவாயில், "அப்படியே ஒரு டேப்பும் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி, பையில் எது விழுகிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு இழுப்பறை உள்ளே போகாமல் அடம்பிடிக்கிறபோது குற்றம் மரத்தின் மேலும், மழையின் மேலும், ஆச்சாரியின் மேலும் ஏற்றப்படுகிறது.

டேப்பைச் சோதித்து வாங்குகிற சிலரும் பெரும்பாலும் தலைகீழாகவே சோதிக்கிறார்கள். நாடாவின் முனையிலுள்ள கொக்கியை விரலால் ஆட்டிப் பார்த்து, அது லொடலொடவென்று அசைந்தால், மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிட்டு, அசையாத கொக்கியுள்ள வேறொன்றைக் கேட்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் ரிவெட்டைச் சுத்தியால் தட்டி இறுக்கிவைக்கும் புண்ணியவான்களும் உண்டு. உண்மையில் அந்த அசைவே அந்தக் கருவியின் ஸூக்ஷ்மம். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும்போது பூஜ்யம் கொக்கியின் உட்புறத்திலிருந்து தொடங்கவேண்டும். அதே டேப்பை ஓர் அலமாரியின் உட்புறத்தில் பக்கப்பலகையோடு முட்டவைத்து அளக்கும்போது பூஜ்யம் கொக்கியின் வெளிப்புறத்திலிருந்து தொடங்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே கொக்கித் தகட்டின் கனம் நிற்கிறது. ஆகையால் ரிவெட்டுத் துளைகளைச் சற்று நீளமாக வெட்டி, இழுத்தால் தன் கனத்தளவு வெளியே வரவும், முட்டினால் அதே அளவு உள்ளே போகவும் கொக்கியை விட்டுவைத்திருக்கிறார்கள். அசைவு தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் குற்றம். அசையாத கொக்கியோ, வெளியளவையோ உள்ளளவையோ ஒன்றைப் பொய்யாக்கியே தீரும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். நேராக அறுத்த ஒரு சட்டத்தைக் கொக்கி மாட்டி இழுத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே சட்டத்தின் ஒரு முனையைச் சுவரோடு ஒட்டி வைத்து, டேப்பின் கொக்கியையும் பக்கத்திலேயே சுவரில் முட்டவைத்து, மறுமுனையில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் கொக்கி யோக்கியமானது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இந்தக் கொக்கிதான் டேப்பில் முதலில் கெடுகிற அங்கமும்கூட. இழுத்த நாடாவை விட்டவுடன் அது சீறிக்கொண்டு உள்ளே ஓடி, கொக்கி பெட்டியின் வாயில் 'டக்'கென்று மோதுகிற சப்தம் சிலருக்கு ஆனந்தமாயிருக்கிறது. ஒவ்வொரு மோதலிலும் ரிவெட்டுத் துளை கண்ணுக்குத் தெரியாமல் அகலுகிறது. ஏணியிலிருந்து ஒரு தடவை முனை கீழ்ப்பட விழுந்தாலோ கொக்கி வளைந்தே போகும். நாடா திரும்பும்போது அடியில் விரலை வைத்துத் தடுத்து, கடைசி முழத்தை மெதுவாக விடுவது ஒன்றே டேப்பின் ஆயுளை இரட்டிப்பாக்கும் என்பது என் அபிப்பிராயம். கொக்கியை இரண்டு ரிவெட்டுக்குப் பதில் மூன்றோ நான்கோ பிடித்திருக்கிறதா, பெட்டியின் வாயில் மோதலைத் தாங்க ரப்பர் வைத்திருக்கிறதா என்பவையும் வாங்கும்போது பார்க்கத் தக்கவை. கொக்கியின் மேல் சந்தேகம் வந்துவிட்டால், அதை விட்டுவிட்டு 100 மில்லிமீட்டர் கோட்டிலிருந்து தொடங்கி அளந்து, முடிவில் 100ஐக் கழித்துக்கொள்ளும் பழைய யுக்தி இருக்கவே இருக்கிறது.

இனிக் கோடுகள் எவ்வளவு மெய்யானவை என்ற விஷயம். ஐரோப்பிய விதிகளின்படி அளவுகோல்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, எந்த வகுப்பு என்பதை ரோமன் எண்ணில் நாடாவின் தொடக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். 3 மீட்டர் நீளத்தில் முதல் வகுப்பு டேப்பு 0.4 மில்லிமீட்டர் வரையிலும், இரண்டாம் வகுப்பு 0.9 வரையிலும், மூன்றாம் வகுப்பு 1.8 வரையிலும் கூடவோ குறையவோ பிசகலாம் என்பது சலுகை. 5 மீட்டருக்கு அதுவே 0.6, 1.3, 2.6 என்று வளரும். ஜப்பானியர்களின் முதல் தரம் 5 மீட்டருக்கு 0.7 என்று ஐரோப்பிய முதல் வகுப்பை ஒட்டியே நிற்கிறது. வகுப்பே குறிப்பிடாத டேப்பு எதற்கும் ஜவாப்தாரி அல்ல. அதைத் துணிக்கடைக்காரரிடமும் கொடுக்கமாட்டேன்.

ஆனால் முதல் வகுப்புக்காக ஊர் ஊராய் அலைவது நம் சீதோஷ்ணத்தில் அவசியந்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கணக்கெல்லாம் 20 டிகிரி வெப்பத்தில் போட்டது. உருக்கு நாடா, வெப்பம் 10 டிகிரி ஏறினால், மீட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீளும். சித்திரை மாதத்து மதுரையில், ஓட்டுக்கொட்டகைக்குள் 38 டிகிரியில் வேலை செய்கிறவனுடைய 3 மீட்டர் டேப்பு, வெயில் காரணமாக மட்டும் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, முதல் வகுப்பு வாக்குக் கொடுத்த 0.4ஐ விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. போதாததற்கு மரம் வேறு இருக்கிறது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையங்களின் வாட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் சுருங்கக்கூடியது. காய்ந்த பின்னும் 300 மில்லிமீட்டர் அகலப் பலகை ஐப்பசி அடைமழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ மூச்சுவிடும். இதற்கு மேல் தடித்த பென்சிலால் கோடு போடுகிறவர், அந்தக் கோட்டின் கனத்திலேயே முதல் வகுப்பின் பெருமை முழுவதையும் புதைத்துவிடுகிறார். தேவையென்றால் கத்திமுனையால் கோடு போடுங்கள். அது வகுப்பைவிட அதிகப் பிரயோஜனம் தரும். இரண்டாம் வகுப்பு டேப்பு தச்சுவேலைக்குத் தாராளமாகப் போதும்.

போதும் என்பது ஒரு நிபந்தனையோடு: ஒரு வேலைக்கு ஒரே டேப்பு. பிழை எல்லாப் பலகைக்கும் ஒரேவிதமாக ஏறினால் அலமாரி அரை மில்லிமீட்டர் பெரிதாகும், அவ்வளவுதான். அதை எவரும் அறியப்போவதில்லை. அளப்பவர் ஒரு டேப்பும் அறுப்பவர் இன்னொரு டேப்பும் வைத்துக்கொண்டால், இரண்டும் தனித்தனியே உத்தமமாயிருந்தாலும், ஒன்றின் கூடுதலும் மற்றொன்றின் குறைவும் சேர்ந்து பலகைக்குப் பலகை வம்பு செய்யும். இருவர் வேலை செய்கிற இடத்தில், வாங்குகிற அன்றே இரண்டு டேப்பையும் அருகருகே முழுநீளம் இழுத்து வைத்து, கோட்டோடு கோடு பொருந்துகிற ஜோடியைத் தேர்ந்தெடுப்பது உத்தமம்.

மெட்ரிக் டேப்பு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தேசபக்தியும் அல்ல, நாகரிகமும் அல்ல. 1956இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது. 1957இல் நயா பைசா வந்தது. கிலோவும் லிட்டரும் அடுக்களை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. ஜவுளியும் மீட்டருக்கு மாறிவிட்டது. மரக்கடையோ இன்னும் கன அடியில் விலை சொல்கிறது. பிளைவுட்டு இந்த இரண்டு ராஜ்யங்களுக்கும் பொதுப்பிரஜை: அதன் நீள அகலம் எட்டடிக்கு நாலடி, கனமோ 6, 12, 18, 19 என்று மில்லிமீட்டரில். கதவில் மறைந்திருக்கும் கீலுக்குக் குடையவேண்டிய குழி 35 மில்லிமீட்டர். இழுப்பறைச் சேனலுக்குப் பக்கத்துக்கு விடவேண்டிய இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒரே பெட்டிக்குள் இத்தனை பாஷை. நடுவில் நம் ஆச்சாரிமார்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒன்றான நூல் இருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் அது 3.175.

"ஆச்சாரியாரே, அந்தத் தட்டு எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"ரெண்டடி மூணு இன்ச்சு அஞ்சு நூல் சார்."

"மில்லிமீட்டரில்?"

"அது டேப்புல கீழ்ப்பக்கம் இருக்கும். நீங்களே பாத்துக்குங்க சார்."

பார்த்தேன், 702க்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அவருடைய கையில் நூல் கணக்கு தப்புவதில்லை. அரை நூல், கால் நூல் என்று அவர் பாதியாக்கிக்கொண்டே போகிற சாமர்த்தியம் எனக்கு வராது. ஆனால் அந்தத் தட்டை மூன்று சம பாகமாகப் பிரிக்கச் சொன்னால் அவரும் சற்று விரல் விட்டு எண்ணுகிறார். 702ஐ மூன்றாகப் பிரிக்க எனக்கு எண்ணவேண்டியதில்லை, 234. இதிலிருந்து 18 மில்லிமீட்டர்ப் பலகை இரண்டின் கனத்தைக் கழிப்பதும் ஒரே மூச்சில் ஆகிற காரியம். நூலிலிருந்து 18 மில்லிமீட்டரைக் கழிப்பது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத வித்தை.

ஆகவே நான் சொல்வது இரட்டை அளவு டேப்பு அல்ல. இரு விளிம்பிலும் மில்லிமீட்டரே உள்ள டேப்பு. ஃப்ரீமன்ஸாகட்டும் ஸ்டான்லியாகட்டும், நம் ஊர்க் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு விளிம்பில் அங்குலமும் மறு விளிம்பில் சென்டிமீட்டரும் உள்ள தினுசுதான். அதில் மில்லிமீட்டர் விளிம்பு வேலைசெய்கிறவனுக்கு எதிர்ப்புறம் போய்விடும்போது, நாடாவின் முதுகைத் தாண்டி எட்டிப் பார்த்துக் குறிக்கவேண்டியிருக்கிறது. எட்டிப் பார்க்கிற கண் கோட்டைச் சாய்த்துப் பார்க்கிற கண். இடதுகையாளர்களுக்கு இந்த அவஸ்தை இன்னும் அதிகம். எண்களே தலைகீழாய் நிற்கும். இரு விளிம்பிலும் மில்லிமீட்டர் இருந்தால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றே. கேட்டு வாங்கவேண்டும், வரவழைக்கச் சொல்லவேண்டும்.

நீளம் 3 மீட்டர் போதும். வீடு கட்டுகிறவருக்கு 5 மீட்டர், 25 மில்லிமீட்டர் அகல நாடா சௌகரியம்; பிடிமானமில்லாத அந்தரத்தில் வெகுதூரம் மடியாமல் நிற்கும். நாடா அப்படி நிற்பதற்குக் காரணம் அதன் குறுக்கு வளைவு. 1922இல் அமெரிக்கரான ஹிராம் ஃபாரண்டு காப்புரிமை பெற்ற யோசனை அது. அதற்கு முன்பே, 1829இல் ஷெஃபீல்டின் ஜேம்ஸ் செஸ்டர்மனும், 1868இல் நியூ ஹேவனின் ஆல்வின் ஃபெல்லோஸும் சுருள்வில்லால் சுருட்டிக்கொள்ளும் டேப்புக்கு வழி செய்திருந்தார்கள். ஆனால் வளைவு தருகிற உபகாரத்துக்கு ஒரு விலையும் உண்டு: பலகைமேல் வைத்தால் நடுமுதுகு மரத்தில் படுகிறது, கோடுகளுள்ள விளிம்போ மேலே தூக்கி நிற்கிறது. அகலம் கூடக்கூடத் தூக்கலும் கூடும். நாடாவைச் சற்றே சாய்த்து விளிம்பை மரத்தில் பொருத்திக் குறிக்கவேண்டும். மேஜை நாற்காலி செய்கிறவர்களுக்கு 13 அல்லது 16 மில்லிமீட்டர் அகலமே இதமானது.

நாடாவின் மேற்பூச்சில் பளபளப்பு வேண்டாம். விளக்கு வெளிச்சம் அதில் பட்டால் எண் மறையும். நைலான் பூச்சுள்ளவை மணலையும் உராய்வையும் வெகுகாலம் தாங்குகின்றன. வெறும் பெயின்ட்டு அச்சு, அதிகம் உபயோகமாகிற முதல் அரை மீட்டரில் முதலில் அழியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பெட்டிக்குள் புகுந்து சுருள்வில்லைத் தின்றுவிடுகிறது. மரத்தூளும் வேர்வையும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. மாலையில் வேலை முடிந்ததும் நாடாவை முழுக்க இழுத்து உலர்ந்த துணியால் துடைத்து உள்ளே விடுவது சிரமமான காரியமல்ல. எண்ணெய் போடாதீர்கள்; தூள் ஒட்டிப் பிசினாகும்.

உள்ளளவு எடுப்பதில் மட்டும் எந்த டேப்பையும் நான் முழுக்க நம்புவதில்லை. மூலையில் நாடாவை வளைத்து எண்ணை ஊகிப்பது ஜோசியம். பெட்டியின் அடியில் அதன் நீளத்தை அச்சிட்டிருப்பார்கள். பெட்டியை மூலையோடு ஒட்டிவைத்து அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அதைக்காட்டிலும், இரண்டு மெல்லிய சட்டங்களைக் கைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, இரு முனையும் பக்கப்பலகைகளில் படுமட்டும் விரித்து, சேர்ந்த இடத்தில் கோடு போட்டு எடுத்துவருவது நிச்சயமானது. அலமாரி போன்ற பெரிய வேலைகளில் ஆச்சாரியார் இன்னொன்றும் செய்கிறார்: முழு உயரத்துக்கு ஒரு சட்டத்தை எடுத்து, தட்டு, இழுப்பறை, கீல் எல்லாம் வரவேண்டிய இடங்களை அதில் ஒரே தடவை குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பலகைக்கும் அந்தச் சட்டத்தை வைத்தே கோட்டை மாற்றிக்கொள்கிறார். முதல் தடவை குறிப்பதற்கு மட்டும் என்னுடைய 3 மீட்டர் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதில் நூல் இல்லையே என்று அவர் ஆட்சேபித்ததில்லை. சட்டத்தில் அவர் எண் எதுவும் எழுதுவதில்லை.