கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே?

நல்ல தீர்ப்பு ஒன்று வந்துவிட்டால் போதும், நீதிபதிக்கு மாலை போட ஆள் சேர்ந்துவிடுகிறது. வழக்குப் போட்டவன் பேரு என்ன, அதுக்கப்புறம் அவன் ஊரில் அவன் கதி என்ன ஆச்சு என்று கேட்க நாதியில்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஃபெடரல் நீதிபதியாக இருந்த ஜூலியஸ் வேட்டீஸ் வாரிங் பற்றிப் பேசுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மனசாட்சி விழித்துக்கொண்ட வெள்ளைக்காரர் என்று கதை சொல்கிறார்கள். அவரை நான் மதிக்கிறேன். அந்தக் கதையைத்தான் ஏற்க முடியவில்லை.

யார் இந்த வாரிங்? 1880இல் சார்ல்ஸ்டன் நகரத்தில் பழம்பெருமை பேசும் குடும்பத்தில் பிறந்தவர். மூதாதையர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அப்பா, அடிமைமுறையைக் காப்பாற்ற நடந்த உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் நின்றவர். 1938இல் ‘காட்டன் எட்’ ஸ்மித் என்கிற பச்சை நிறவெறி செனட்டருக்குத் தேர்தல் வேலை பார்த்தவர் வாரிங். 1942இல், 61 வயதில், ரூஸ்வெல்ட் ஆட்சியில் நீதிபதி ஆனார். அறுபது வருசம் உறங்கின மனசாட்சி எப்படி முழிச்சுது?

1945இல் முதல் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு, வடக்கிலிருந்து வந்த எலிசபெத்தை மணந்தார். சார்ல்ஸ்டன் வெள்ளையர்கள் சொன்ன காரணம்: பொண்டாட்டி கெடுத்துட்டா. இன்றைக்கு அவரைப் புகழ்கிறவர்கள் சொல்லும் காரணம்: மனசாட்சி. ரெண்டு கதையிலும் கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை.

ஆனால் அவர் முன்னால் வந்து நின்றது யார்? முதலில் கறுப்பு ஆசிரியர்கள். அதே வேலைக்கு வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு ஒரு சம்பளமா என்று கேட்டு வந்தார்கள். 1944இலேயே சமசம்பளம் கிடைத்தது. அடுத்து ஐசக் உட்டார்ட். இரண்டாம் உலகப் போரில் இருந்துவிட்டு, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில் ராணுவ உடுப்போடு பஸ்ஸில் வீடு திரும்பியவர். 1946 பிப்ரவரி 12. டிரைவரோடு வாக்குவாதம் என்று பேட்ஸ்பர்க் ஊரில் இறக்கினார்கள். அந்த ஊர் போலீஸ் தலைமை அதிகாரி லின்வுட் ஷல் அடித்த அடியில் ரெண்டு கண்ணும் போச்சு. நவம்பரில் வாரிங் முன்னிலையில் விசாரணை. அரசுத் தரப்பு ஏனோதானோவென்று வழக்கை நடத்தியது. முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரி, அரை மணி நேரத்துக்குள் ‘குற்றமில்லை’ என்றது. எலிசபெத் அழுதபடி கோர்ட்டை விட்டு வெளியேறினார். சட்டம் கையில் இருக்கு, நாற்காலியில் தான் இருக்கிறோம், பார்வை போனவன் எதிரில் நிற்கிறான், ஒண்ணும் செய்ய முடியலை. அதற்குப் பிறகுதான் புருசனும் பொண்டாட்டியும் நிறவெறி பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். பாடம் நடத்தியது புத்தகம் அல்ல. பார்வை இழந்த அந்த மனுசன்.

1947இல் ஜார்ஜ் எல்மோர் வந்தார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கான தேர்தலில் ஜெயிப்பவன்தான் அந்த மாநிலத்தில் எப்போதும் ஜெயிப்பான். அதில் கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லை. கட்சி எங்கள் சொந்த கிளப், அரசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று காட்ட, 1944இல் தேர்தல் சட்டங்களையே ரத்து செய்து வைத்திருந்தார்கள். என்ன ஒரு சாமர்த்தியம் பாருங்க! வாரிங் அதை உடைத்தார். 1948 தேர்தலில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள். எல்மோர் தொழிலை இழந்து, சொத்தை இழந்து, 1959இல் செத்துப்போனார்.

கிளாரன்டன் வட்டாரத்துக்கு வருவோம். 1949-50 கணக்கின்படி அங்கே வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலர் செலவு, கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்து, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒண்ணுகூட கிடையாது. ஒரு பஸ் கொடு என்று லெவி பியர்சன் என்கிற விவசாயி முதலில் வழக்குப் போட்டார். அவர் நிலம் எந்த எல்லையில் வருது என்று நுணுக்கம் பேசி 1948இல் தள்ளிவிட்டார்கள். 1949 நவம்பரில் போதகர் ஜோசப் டிலெய்ன் மறுபடி மனு தயாரித்தார். 107 கையெழுத்து. முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் பங்க் தொழிலாளி.

வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் முதலில் கேட்டது, தனிப்பள்ளியாகவே இருக்கட்டும், வசதியைச் சமமாகக் கொடு என்பதுதான். 1950 நவம்பரில் வாரிங் அவரிடம், பிரித்து வைப்பதையே எதிர்த்து வழக்கைப் புதுசாகப் போடச் சொன்னார். இதுதான் அவர் செய்த பெரிய காரியம். தனியா ஒதுக்கி வச்சிட்டு, கட்டடத்தையும் பெஞ்சையும் எண்ணிப் பார்த்துச் சமம் என்று சொல்வது பித்தலாட்டம். ஒதுக்கப்பட்டவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1951இல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். ரெண்டு பேர், வசதியைச் சமப்படுத்து, பிரிவினை இருக்கட்டும் என்றார்கள். வாரிங் மட்டும் மாறுபட்டு எழுதினார்: பிரித்து வைப்பதே ஏற்றத்தாழ்வு. தோற்றுப்போன அந்தக் கருத்தை 1954இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. அதே சட்டம், அதே சாட்சி, மூன்று நீதிபதிகள், ரெண்டு முடிவு. சட்டம் தானாகப் பேசும் என்று நம்புகிற மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

விலையைக் கணக்குப் பார்ப்போம். வாரிங்கை வெள்ளைச் சமூகம் ஒதுக்கியது. வீட்டருகே சிலுவை எரித்தார்கள், கல் எறிந்தார்கள். 1952இல் ஓய்வுபெற்று நியூயார்க் போய்விட்டார். அது சாதாரண இழப்பு அல்ல. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் இருந்தது. ஹாரி பிரிக்ஸுக்கு வேலை போச்சு. விடுதியில் வேலை பார்த்த அவர் மனைவி எலைசாவுக்கும் போச்சு. பிழைப்புத் தேடி அவர் ஃபுளோரிடா போனார். டிலெய்ன் வீட்டை 1951இல் கொளுத்தினார்கள். 1955இல் அவருடைய தேவாலயத்தையும் கொளுத்தி, வீட்டை நோக்கிச் சுட்டார்கள். திருப்பிச் சுட்ட குற்றத்துக்காக ஊரை விட்டு ஓடினார். 1974இல் சாகும்வரை தென் கரோலினாவில் அவர் தேடப்படும் குற்றவாளி. வழக்கு 2000இல்தான் நீங்கியது.

நீதிபதி இல்லாமல் கையெழுத்து மட்டும் ஜெயிச்சிருக்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஜெயிச்சிருக்காது. ஆனால் நீதிபதி தானாக வழக்குப் போட முடியாது ஐயா. வேலை போகும், வீடு எரியும் என்று தெரிந்தே ஒருத்தன் பேனாவைப் பிடித்தால்தான், நாற்காலியில் இருப்பவன் எழுத ஏதாவது இருக்கும். வாரிங்கின் பெருமை, அந்தச் சனங்களிடம் கற்றுக்கொண்டதில் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது, அவர் கற்றதையே அழிப்பதாகும்.

2015இல் சார்ல்ஸ்டன் ஃபெடரல் நீதிமன்ற வளாகத்துக்கு வாரிங் பெயர் வைத்தார்கள். சரி, வைக்கட்டும். பிரிக்ஸ் தம்பதிக்கும் பியர்சனுக்கும் டிலெய்னுக்கும் 2004இல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் வந்தது. வாங்கிக்கொள்ள நாலு பேரில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. தீர்ப்புகளைப் படிக்கிற தோழர்களே, முதல் பக்கத்தில் வழக்குப் போட்டவர் பெயர் இருக்கும். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.