ஒற்றை வில்லை போதும்

நம் பள்ளி விழாக்களின் படத்தொகுப்புகளைப் புரட்டிப் பார்ப்போர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். சிறப்பு விருந்தினர் மாலை ஏற்கும் படம் இருக்கும். குத்துவிளக்கு ஏற்றும் படம் இருக்கும். பரிசுக் கிண்ணத்தை நீட்டும் கையும் அதனைப் பெறும் கையும் இருக்கும். வகுப்பறையில் நெற்றியைச் சுருக்கிக் கணக்குப் போடும் சிறுவன் இரான். நூலக மூலையில் கதைப்புத்தகத்தில் தன்னை மறந்திருக்கும் சிறுமி இராள். அப்படியே இருந்தாலும், பிளாஷ் விளக்கின் வெள்ளொளி நேரே பட்டு, நெற்றியும் மூக்கும் பளபளக்க, பின்புறமெல்லாம் இருண்டு, அது யாரோ ஒரு முகமாகத்தான் இருக்கும். நம் குழந்தைகளின் கருநிறமும் மாநிறமும் அழகு குன்றியவை அல்ல. அந்நிறத்தின் நயத்தைக் காணத் தெரியாத ஒளியே அழகு குன்றியது.

இக்குறைக்குப் பணமின்மையே காரணம் என்பார் உளர். அதனை நான் மறுக்கின்றேன். பணம் இல்லாமை அன்று, உள்ள பணத்தை வேண்டாத பொருளில் இடுவதே காரணம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அரும்பாடுபட்டுத் திரட்டிய நிதியைக் கொண்டு படக்கருவி வாங்கப் புறப்படும்போது, நம் கண்கள் நீண்ட குழாய் போன்ற ஸூம் வில்லைகளையே நாடுகின்றன. பெரியது சிறந்தது, விலை மிக்கது உயர்ந்தது என்னும் மயக்கம் நம்மை ஆள்கின்றது. தமிழ்ப்பள்ளிக்கும் படக்கலை பயிலும் மாணவனுக்கும் முதலில் வேண்டுவது, 50 மி.மீ. அல்லது 35 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 1.8 என்னும் அகன்ற துளையும் உடைய, விலை குறைந்த ஒற்றை வில்லையே என்பது என் துணிபு. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லையின் இலக்கணம்

லென்ஸ் எனப்படும் வில்லையின்மீது இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது குவியத் தூரம். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் சட்டம் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உடையது. அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. குவியத் தூரம் இம்மூலைவிட்டத்தை ஒட்டி அமையுமாயின், படத்தில் பொருள்கள் மிக விரிந்தும் தோன்றா. மிக நெருங்கியும் தோன்றா. ஆகவேதான் அதனை இயல்பு வில்லை என்கின்றோம். 1925-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லைக்கா படக்கருவி 50 மி.மீ. வில்லையோடுதான் வந்தது. அதன்பின் பல்லாண்டுகள் கடைகளில் படக்கருவி வாங்கியோர்க்கு அதனுடன் கிட்டியதும் பெரும்பாலும் 50 மி.மீ. வில்லையே. ஸூம் வில்லை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது பிற்காலத்தில்தான்.

இரண்டாவது எண் துளை எண். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு அது. எனவே, எண் சிறுத்தால் துளை பெருக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையின் துளை ஏறத்தாழ 28 மி.மீ. அகலம். படக்கருவியோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஸூம் வில்லையை அதே 50 மி.மீ. நிலைக்குத் திருப்பினால், அதன் துளை எண் எஃப் 5.6, அகலம் 9 மி.மீ. மட்டுமே. பரப்பை ஒப்பிட்டால், ஒற்றை வில்லை ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது.

இக்கணக்கை வகுப்பறைக்குக் கொண்டு வருவோம். மழைக்கால மாலை, கூரை விளக்கின் மங்கிய ஒளி. ஸூம் வில்லை ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் கேட்கும் இடத்தில், ஒற்றை வில்லைக்கு 150-இல் ஒரு பங்கு நேரம் போதும். முன்னதில் எழுதும் குழந்தையின் கை புகைபோல் கலைந்துவிடும். பின்னதில் எழுதுகோலின் நுனிகூடத் தெளிவாக நிற்கும். பிளாஷ் விளக்கு தேவையில்லை; குழந்தையின் கவனமும் கலையாது. சன்னல் வழி வரும் ஒளி கன்னத்தில் எப்படிப் படிந்ததோ அப்படியே படத்திலும் படியும். தீபாவளி அகல்விளக்கின் ஒளியும் இத்தகையதே. இதன் எல்லையைக் காண விரும்புவோர், 1975-இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' திரைப்படத்தை நினைவுகூர்க. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கென ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 வில்லையைக் கொண்டு, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதன் காட்சிகள் சிலவற்றை மெழுகுவத்தி ஒளியிலேயே படமாக்கினார்.

மலிவு இழிவன்று

'இவ்வளவு நல்ல வில்லை எனில், விலை ஏன் இத்துணைக் குறைவு? எங்கோ குறை இருக்கத்தான் வேண்டும்' என்று ஐயுறுவாரும் உளர். விலைக் குறைவுக்குக் காரணம் தரக்குறைவன்று, முதிர்ச்சி. 1896-இல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ருடால்ஃப் 'பிளானர்' என்னும் வில்லையை அமைத்தார். நடுவில் துளையும் அதன் இருபுறமும் ஏறத்தாழ ஒத்த கண்ணாடி அடுக்குகளும் கொண்ட அவ்வமைப்பின் வழிவந்தவையே இன்றைய எளிய 50 மி.மீ. வில்லைகளுட் பல. நூறாண்டுக்கு மேலாகச் செதுக்கப்பட்ட வடிவம் அது. 2015-இல் வந்த கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் வில்லையில் உள்ள கண்ணாடிகள் ஆறே. ஒரே குவியத் தூரத்தில் மட்டும் செவ்வனே பணியாற்றினால் போதும் என்பதால், அதற்குச் சிக்கலான பொறிகள் தேவையில்லை. ஸூம் வில்லையோ பல குவியத் தூரங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், எல்லாவற்றிலும் சிறிது சிறிது விட்டுக்கொடுக்கின்றது.

மற்றொரு சாரார், 'எஃப் 1.8 எதற்கு? எஃப் 1.2 அன்றோ சிறந்தது!' என்பர். கணக்கைப் பார்ப்போம். கேனன் நிறுவனத்தின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.2 வில்லை 2018-இல் அமெரிக்காவில் 2,299 டாலர் விலையில் அறிமுகமாயிற்று. எடை 950 கிராம். அதே நிறுவனத்தின் எஃப் 1.8 வில்லை 2020-இல் ஏறத்தாழ 200 டாலருக்கு வந்தது. எடை 160 கிராம். விலை 11 மடங்கு. எடை ஏறத்தாழ 6 மடங்கு. ஆனால், கூடுதலாகக் கிட்டும் ஒளியோ இரண்டேகால் மடங்கு மட்டுமே! விலை மிக்க வில்லையின் கட்டுமானம் உறுதியானது. துளையை முழுதும் திறந்த நிலையிலும் படத்தின் ஓரங்கள் கூர்மையாக விழும். இவற்றை நான் மறுக்கவில்லை. படத்தொழிலால் வாழ்வோர்க்கு அது முதலீடு. பள்ளிக்கோ அது சுமை. மேலும், அத்துளையில் ஒரு மீட்டர் தொலைவிலிருந்து முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. சற்றே திரும்பிய முகத்தில் ஒரு கண் தெளிந்தும் மறுகண் மங்கியும் நிற்கும். மூன்று வரிசையாக நிற்கும் வகுப்பை எடுக்க எஃப் 5.6-க்கோ எஃப் 8-க்கோ துளையைச் சுருக்கித்தான் ஆகவேண்டும். அந்நிலையில் இரண்டாயிரம் டாலர் வில்லைக்கும் இருநூறு டாலர் வில்லைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிக் காண்பது அரிது.

தளையும் கலையும்

'ஸூம் இன்றித் தொலைவில் உள்ளதை எவ்வாறு எடுப்பது?' என்பது அடுத்த வினா. நடந்து சென்று எடுக்க வேண்டும் என்பதே விடை. திடலின் மறுகோடியில் நிகழும் காற்பந்தாட்டத்திற்கு ஒற்றை வில்லை பயன்படாது. அதற்கு நீண்ட வில்லையே வேண்டும். ஆனால், விளையாட்டுப் போட்டி ஆண்டில் சில நாள்களே. மற்ற நாள்களில் நம் குழந்தைகள் நமக்கு நான்கடி தொலைவில் அன்றோ அமர்ந்திருக்கின்றனர்!

ஆசிரியர்களாகிய நாம் கருத வேண்டிய உண்மை ஒன்று ஈண்டு உண்டு. வெண்பாவின் தளை புலவனைச் சிறைப்படுத்துவதில்லை. அவன் சொல்லைச் செப்பம் செய்கின்றது. குவியத் தூரம் மாறாத வில்லையும் அத்தகையதே. ஸூம் வளையத்தைத் திருகும் மாணவன் நின்ற இடத்திலேயே நிற்கின்றான். ஒற்றை வில்லையை ஏந்திய மாணவனோ முன்னே செல்கின்றான், பின்னே வருகின்றான், மண்டியிடுகின்றான், எதைச் சட்டத்துள் கொள்வது, எதைத் தள்ளுவது என்று எண்ணுகின்றான். பிரான்சு நாட்டுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரேசோன் (1908–2004) தம் வாழ்நாட் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. வில்லை ஒன்றைக் கொண்டே ஆற்றினார். அகல உழுவதினும் ஆழ உழுதல் நன்று என்பது நம் முன்னோர் கண்ட பட்டறிவு.

'கைபேசி இருக்கப் படக்கருவி எதற்கு?' என்பாரும் உளர். கைபேசியை நான் பழிக்கவில்லை. அவசரத்திற்கு அது உதவும். ஆயினும், முகத்தைத் தெளிவாக்கிப் பின்புறத்தை மங்கலாக்கும் வேலையைக் கைபேசி பெரும்பாலும் கணக்கிட்டுச் செய்கின்றது. கலைந்த தலைமுடியின் ஓரத்தில் அக்கணக்கு பிழைபடுவதும் உண்டு. அதனினும் பெரிய இழப்பு வேறு. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்னும் முடிவுகளைக் கருவியே எடுத்துவிடுகின்றது. முடிவெடுக்கும் உரிமையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் மாணவன் கற்பது யாது?

வாங்குவோர் அறிய வேண்டுவன

மலிவு என்று கருதிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குதலும் கூடாது. முதலில், உங்கள் கருவியின் உணரி எத்துணைப் பெரியது எனக் காண்க. முழுச்சட்ட உணரியாயின் 50 மி.மீ. பொருந்தும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய உணரியாயின், 50 மி.மீ. வில்லையின் பார்வை 75 அல்லது 80 மி.மீ. வில்லையைப்போல் குறுகிவிடும். தனிமுகம் எடுக்க அது நன்று. வகுப்பறையிலோ பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில்தான் முதுகு முட்டும். அத்தகைய கருவிக்கு 35 மி.மீ. வில்லையே இயல்பு வில்லை. நிக்கான் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 வில்லை இதன்பொருட்டே அமைந்தது.

இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றொரு நிறுவனத்தின் கருவியில் நேரே பொருந்தாது. ஒரே நிறுவனத்திற்குள்ளும் பொறிகள் உண்டு. நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி வில்லையில் குவியம் செய்யும் மோட்டார் இல்லை. டி3000, டி5000 போன்ற எளிய கருவிகளிலும் அம்மோட்டார் இல்லை. இரண்டையும் இணைத்தால் கையால்தான் குவியம் செய்ய வேண்டும். 2011-இல் வந்த ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8ஜி வில்லைக்கு இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, பழைய வில்லையை வாங்குவது தாழ்வன்று. ஆனால், ஆய்ந்து வாங்குக. நம் நாட்டின் ஈரக்காற்று வில்லைக்குப் பகை. வில்லையின் பின்புறம் கைவிளக்கைப் பிடித்து உள்ளே நோக்குக. சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாயினும் தொடாதீர். வாங்கிய வில்லையையும் அலமாரியில் உறையிட்டுப் பூட்டி வைத்தல் தகாது. காற்றுப் புகாப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்தல் வேண்டும். அதனினும் சிறந்த காப்பு, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதே.

யார் முகம் எஞ்சும்?

வில்லையைப் பற்றி இத்துணை வாதம் எதற்கு எனச் சிலர் வியக்கலாம். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் இருநூறாண்டு நிறைவை 2016-இல் கொண்டாடினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டன, பல இடம் பெயர்ந்தன. பலகைச் சுவர் வகுப்பறைகளும் லயத்து வாசல்களும் மறைந்தன. அவற்றுள் வாழ்ந்த எளியோரின் அன்றாட முகங்களைத் தேடினால் எத்தனை கிட்டும்? மாலையும் மேடையும் கிட்டும், மனிதர் கிட்டார். அன்று கருவி அரிது, வறுமை மெய். இன்று அக்காரணத்தைக் கூறி நாம் தப்ப இயலாது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளிக்கு ஒரு படக்கருவியும் ஒற்றை வில்லையும் போதும். புறப்பாட நடவடிக்கையில் படக்கலைக்கு ஓர் இடம் தருக. பிளாஷ் விளக்கைத் தொடக் கூடாது என ஒரே விதி விதித்திடுக. சிற்றுண்டிச் சாலையில் பணிபுரியும் அம்மாவையும், காலையில் வாயிற்கதவைத் திறக்கும் காவலரையும், பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன பாட்டியின் கைகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். மாணவ மணிகளே, நெருங்கிச் செல்லுங்கள், அவர்களிடம் இசைவு கேளுங்கள், பேசுங்கள், பிறகு எடுங்கள். வில்லையில் மிச்சமாகும் பணத்தில் அப்படங்களை அச்சிட்டு, மாட்டப்பட்ட பிரமுகர் படங்களின் பக்கத்திலேயே மாட்டுங்கள். நம் பள்ளிச் சுவர் யாருடைய சுவர் என்பதை அப்போது காண்போர் அறிவர்.